நூறு வரை எண்ணத் தெரிந்தவர்

ஹீரோவின் குரலைக் கேட்டால் பாறையும் கசியும் என்று பத்திரிகைகள் எழுதும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் அதே நேரத்தில் மளிகைக் கடையில், "வரிசையில வாய்யா, உனக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு" என்று திட்டு வாங்கிக்கொண்டு நிற்பான். டப்பிங் தியேட்டர்களில் அவனைத் தொண்டை என்றுதான் கூப்பிடுவார்கள். முகம், கை, கால், வயிறு எல்லாம் அவனுக்கும் இருந்தன. சினிமாவுக்கு வேண்டியது தொண்டை மட்டும்தான் என்பதால் பெயரும் அங்கேயே நின்றுவிட்டது.

ஹீரோவுக்கு இந்த மொழி தெரியாது. வேறெங்கிருந்தோ வந்தவர். முதல் படத்தில் வசனம் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து இயக்குநருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கடைசியில், "வசனம் கிடக்கட்டும் சார், சும்மா எண்ணிக்கிட்டே இருங்க, மிச்சத்தை டப்பிங்ல பாத்துக்கலாம்" என்று ஒன்றிலிருந்து நூறு வரை மட்டும் கற்றுக்கொடுத்தார். ஹீரோ அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். அம்மா செத்துப்போன காட்சியில் "பதினாலு, பதினஞ்சு, பதினாறு" என்று கதறினார். காதலியைப் பார்த்து "நாப்பத்தி ரெண்டு?" என்று கேட்டுவிட்டு வெட்கப்பட்டார். வில்லனின் சட்டையைப் பிடித்து "எழுபது! எழுபத்தி ஒண்ணு!" என்று உறுமினார். உறுமினார் என்பதும் மரியாதைக்குச் சொல்வதுதான். பிளாஸ்டிக் சீப்பின் பற்களை நகத்தால் வரிசையாகக் கீறினால் ஒரு சத்தம் வருமே, அதுதான் அவருடைய சொந்தக் குரல்.

தொண்டை இருட்டு அறையில் உட்கார்ந்து, திரையில் அந்த உதடுகளைப் பார்த்து, எண்களின் மேல் வசனத்தைப் போர்த்துவான். மூணு என்றால் முதலிலேயே உதடு ஒட்டும். அங்கே மக்களே, மானம், மண்ணு என்று ஏதாவது வந்தாக வேண்டும். ஒம்பதுக்கு நடுவில் ஒட்டும். அம்மா கச்சிதமாக உட்காருவாள். வருஷக்கணக்காக இதே வேலை. வீட்டில் மனைவி கோபத்தில் முணுமுணுத்தால்கூட எந்த எண்ணில் இருக்கிறாள் என்று பார்க்கத் தோன்றும் அளவுக்கு அது அவனுக்கு ஊறிவிட்டது.

ரகசியம் தெரிந்தவர்கள் எல்லோரையும் ஒரு காருக்குள் அடைத்துவிடலாம். ஹீரோ பேட்டி கொடுக்க மாட்டார். விழாக்களில் கையசைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். "அண்ணன் பேசமாட்டாரு, செஞ்சு காட்டுவாரு" என்று ரசிகர்கள் அதற்கும் ஒரு பெருமையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

தொண்டையின் மனைவிக்கு சினிமா என்றால் தலைவலி. அவளுக்குக் கட்சிதான். கல்யாணத்துக்கு முன்பே கொடி பிடித்தவள். தொகுதியில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அக்கா. விடிந்தால் வாசலில் யாராவது நிற்பார்கள். மின்கம்பம் சாய்ந்து நிற்கிறது, ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை என்கிறார்கள், செத்தவன் உடம்பை வாங்கப் போனால் நாளைக்கு வா என்கிறார்கள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அதிகாரிகள் அவளைக் கண்டால் பின்வாசல் வழியாக நழுவுவார்கள். அவள் பின்வாசலில் நிற்பாள். எதிர்க்கட்சிக்காரன் வீட்டுக் கூரை பறந்தாலும் முதலில் இங்கேதான் வருவான். போகிற காரியத்தில் பாதி நடக்கும், பாதி நடக்காது. வடக்குத் தெருக் குழாய் அந்த நடக்காத பாதி. அதில் சாக்கடை கலந்துதான் தண்ணீர் வரும். எத்தனையோ மனு கொடுத்துவிட்டாள். அந்தத் தண்ணீரை நாற்றம் போகும்வரை கொதிக்கவைத்து, நாற்றம் போகாமலே குடித்துக்கொண்டிருந்தார்கள் தெருக்காரர்கள்.

இந்தத் தேர்தலில் சீட்டு அக்காவுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். தலைமையே கூப்பிட்டு, "தயாரா இரும்மா" என்று சொல்லியிருந்தது. அவள் ஸ்டுடியோவுக்குப் போய் ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்தாள். போட்டோக்காரர் "கொஞ்சம் சிரிங்கக்கா" என்று கெஞ்சினாராம். "வடக்குத் தெருவுல நல்ல தண்ணி வரட்டும், சிரிக்கிறேன்" என்றாளாம். அந்தச் சிரிக்காத முகத்தைப் போட்டுத் தெருக்காரர்கள் அவசரப்பட்டுச் சில போஸ்டர்கள் ஒட்டிவிட்டார்கள். தொண்டை வேலைக்குப் போகும் வழியில் ஒரு சுவரின் முன் வண்டியை நிறுத்தி அதைப் பார்ப்பான். தன் முகம் எந்தச் சுவருக்கும் வரப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். இந்த ஒரு முகமாவது வரட்டும் என்று ஆசைப்பட்டான். வாழ்க்கையில் அவன் ஆசைப்பட்டது ரொம்பக் குறைவு. இது அதில் ஒன்று.

டயர் கடைக்கு மேலே இருந்த கட்சி அலுவலகத்தில் டிவியைப் போட்டுக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது பட்டியல் வந்தது. தொகுதியின் பெயரைச் சொன்னார்கள். அடுத்து ஹீரோவின் பெயரைச் சொன்னார்கள். அறை முழுக்கக் கைதட்டல். தட்டியவர்கள் பாதியில் அக்காவைப் பார்த்தார்கள். தட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையிலும் தொடையிலும் வைத்துக்கொண்டார்கள். அவள் எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தாள். 

மறுநாளே போஸ்டர்களின் மேல் போஸ்டர் ஏறியது. தொண்டை பார்க்கும் சுவரில் ஹீரோவின் முட்டிக்குக் கீழே அவளுடைய நெற்றி மட்டும் தெரிந்தது.

அந்த வாரமே குவாரிக்காரர் வீடு தேடி வந்தார். ஊரைச் சுற்றியிருந்த குன்றுகளை ஜல்லியாக்கி விற்றவர். கட்சிக்கு அவர்தான் சோறு போடுகிறார் என்பது ஊரறிந்த விஷயம். கூட ஹீரோவின் மேனேஜர். சோபாவில் இடம் போதவில்லை. குவாரிக்காரர் ஒருவரே அதை நிரப்பிவிட்டார். மேனேஜர் ஓரத்தில் தொத்திக்கொண்டார்.

"அக்கா, கோவத்தை விடுங்க. ஹீரோ ரெண்டு தொகுதியில நிக்கிறாரு. எப்படியும் ரெண்டுலயும் ஜெயிப்பாரு. ஒண்ணை விட்டுத்தானே ஆகணும்? விடப்போறது இதைத்தான். இடைத்தேர்தல் வரும். நீங்கதான் வேட்பாளர்" என்றார் குவாரிக்காரர்.

"எழுதிக் குடுப்பீங்களா?" என்றாள் அவள்.

"அட, என்னக்கா இது! நான் சொன்னா அது கல்லுல வெட்டின மாதிரி."

"கல்லைத்தான் நீங்க ஜல்லி ஆக்கிடுறீங்களே."

குவாரிக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். மேனேஜர் அவர் சிரித்து முடிக்கும்வரை சிரித்துவிட்டுத் தொண்டையின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு வேற வேலை இருக்கு தொண்டை. கூட்டத்துக்குக் கூட்டம் ஹீரோ பேசியாகணும். ரெக்கார்ட் பண்ணிப் போட்டா உதடு ஒட்டாது. நீங்க மேடைக்குப் பின்னால வேன்ல உக்காந்து, ஸ்கிரீன்ல அவர் வாயைப் பாத்துப் பேசிடுங்க. வழக்கமா பண்றதுதானே? மாட்டேன்னா சொல்லுங்க, அடுத்த படத்துக்கும் சேத்து வேற ஆளைப் பாத்துக்கறோம்."

"குடும்பமே கட்சிக்கு உழைக்குதுன்னா புல்லரிக்குதுய்யா" என்று குவாரிக்காரர் முழங்கையைத் தடவிக் காட்டினார். அங்கே ஒரு முடியும் எழுந்து நிற்கவில்லை.

அவர்கள் போன பிறகு அவள் கதவைச் சாத்தினாள்.

"என்னங்க சொல்றீங்க?" என்றாள்.

"உன் சீட்டைப் பிடுங்கினவனுக்கு நான் வாய் குடுக்கணுமாம். வெக்கமா இருக்கு."

"இடைத்தேர்தல்னு ஒண்ணு இருக்குல்ல. ஒரு ஆறு மாசம் பல்லைக் கடிச்சுக்குவோம்."

"பல்லைக் கடிச்சா எப்படிப் பேசுறது?"

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கச் சொல்லவில்லை. ஒத்துக்கொண்டார்கள்.

முதல் கூட்டத்திலேயே அடி சறுக்கியது. சினிமாவில் உதடு முதலில் போகும், குரல் பின்னால் போகும். தொண்டை பழக்கதோஷத்தில் ஹீரோவின் உதடு அசையட்டும் என்று காத்திருந்தான். மேடையில் குரல் முதலில் வரும் என்று நினைத்துக்கொண்டு ஹீரோ மைக்கைப் பார்த்தபடி காத்திருந்தார். இருவரும் காத்துக்கொண்டே இருந்தார்கள். மைதானம் மயானம் மாதிரி ஆகிவிட்டது. மேனேஜர் வேன் கதவைத் தட்டி, "யோவ், யாராவது ஒருத்தராவது வாயைத் தொறங்கய்யா!" என்று அலறினார். அதற்குள் முன்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பாவம், மக்களைப் பாத்ததும் அண்ணனுக்குப் பேச்சே வரல" என்றாள். அழுகை வரிசை வரிசையாகப் பின்னால் பரவியது. பேசாமல் நின்றதற்கே அப்படி ஒரு கைதட்டல்.  

பிறகு எல்லாம் பழகிப்போனது. பகலில் அக்கா ஹீரோவைத் தன் தெருக்களில் கூட்டிக்கொண்டு நடந்தாள். "வாங்க சார்" என்றால் அவர் பல் தெரியச் சிரித்து "அஞ்சு" என்பார். யாராவது கையைப் பிடித்துவிட்டால் காருக்குள் போய்ப் பாட்டிலில் இருந்து எதையோ ஊற்றிக் கையைத் தேய்த்துத் தேய்த்துத் துடைப்பார். வடக்குத் தெருவில் ஒரு பெண் ஒரு டம்ளரில் அந்தக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து அவர் மூக்கருகே நீட்டினாள். மேனேஜர் டம்ளரை வாங்கித் தரையில் கொட்டிவிட்டு, "அண்ணனோட ஒரு செல்ஃபி எடுத்துக்கம்மா" என்றார். அவளும் எடுத்துக்கொண்டாள். குழாயை மறந்துவிட்டாள். அன்று முழுக்க அந்தப் படத்தைத் தெருவுக்கே காட்டினாள்.

சாயங்காலம் மேடையில் ஹீரோவுக்கும் குவாரிக்காரருக்கும் மேனேஜருக்கும் நாற்காலி. அக்காவுக்கு நாற்காலி இல்லை. பின்னால் நிற்பாள். கூட்டத்தை வீடு வீடாகப் போய்க் கூட்டிக்கொண்டு வருவது அவள் வேலை.

வேனுக்குள் தொண்டைக்கு ஒரு திரை, ஒரு மைக், ஒரு சின்ன மிக்சர். மிக்சரில் இரண்டு தள்ளுகட்டைகள் முக்கியம். ஒன்று அவன் குரலுக்கு. மற்றது ஹீரோவின் மைக்குக்கு. அதை அடிமட்டத்தில் இறக்கி, யாரும் தெரியாமல் தொட்டுவிடக் கூடாது என்று மைக் செட்காரர் சிவப்பு டேப் ஒட்டி வைத்திருந்தார். மைதானத்துக்குப் போகாத அந்தச் சத்தம் தொண்டையின் ஹெட்போனுக்கு மட்டும் வரும். மூச்சு எங்கே எடுக்கிறார், எந்த எண்ணில் நிறுத்துகிறார் என்று அவனுக்குத் தெரிய வேண்டுமே.

பெரிய மைதானத்துக் கூட்டத்தன்று, ஹீரோ பேச ஆரம்பிப்பதற்கு முன்னால், அந்த ஹெட்போனில்தான் அது வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசட்டும் என்று குட்டையான மைக் ஒன்றை ஹீரோவுக்கு முன்னால் வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு மேனேஜர் குவாரிக்காரரிடம் கேட்டார்.

"ஏன் சார், ஜெயிச்ச பிறகு இந்தத் தொகுதியை அந்தம்மாவுக்கா விடப்போறீங்க?"

"லூசாய்யா நீ?" என்றது குவாரிக்காரரின் குரல். "என் மாப்பிள்ளை சும்மாத்தானே இருக்கான். அவனுக்குச் சொல்லி வெச்சாச்சு."

"அந்தம்மா தகராறு பண்ணுமே?"

"என்ன பண்ணும்? மகளிரணியில ஒரு பதவி, அடையாள அட்டை, ஒரு குரூப் போட்டோ. கழுத்துல மாட்டி விட்டா ஆடிக்கிட்டே போயிடும்."

ரெண்டு பேரும் சிரித்தார்கள். ஹீரோவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார்.

தொண்டை திரையைப் பார்த்தான். ஹீரோவின் முகம் அதை நிறைத்திருந்தது. தோளுக்குப் பின்னால் மனைவியின் புடவை ஓரம் மட்டும் தெரிந்தது. மைக் செட்காரர் வழக்கம்போல டீ குடிக்கப் போயிருந்தார். தொண்டை சிவப்பு டேப்பின் நுனியை நகத்தால் நெம்பினான். ஒட்டி ரொம்ப நாளானதால் பிசுபிசுவென்று வந்தது. அவன் குரலை இறக்கினான். ஹீரோவின் கட்டையை மேலே தள்ளினான். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஊரே காறித் துப்பட்டும். இரண்டு தொகுதியிலும் டெபாசிட் போகட்டும். நாளையிலிருந்து வேலை இல்லை என்றால் இல்லை.

ஹீரோ கையை உயர்த்தினார். மைதானம் அடங்கியது.

"ஒண்ணு" என்றார்.

சீப்பைக் கீறிய அந்தச் சத்தம் எல்லா ஒலிபெருக்கிகளிலும் சுரண்டிக்கொண்டு போனது.

"ரெண்டு, மூணு, நாலு!" நெஞ்சில் கை வைத்தார். "அஞ்சு, ஆறு..." குரல் தழுதழுத்தது. "ஏழு! எட்டு! ஒம்பது!" விரலை நீட்டி எதிர்க்கட்சியை எச்சரித்தார்.

 தொண்டை வேனின் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து பார்த்தான். ஆயிரக்கணக்கான வாய்கள் பாதி திறந்திருந்தன. இதோ சிரிக்கப் போகிறார்கள். இதோ முதல் செருப்பு வரப்போகிறது. மேனேஜர் நாற்காலியில் இருந்து வழுக்கிக் கீழே போய்க்கொண்டிருந்தார். குவாரிக்காரர் முகம் வேர்த்து, துடைத்த கைக்குட்டை போதாமல் மேஜை விரிப்பின் நுனியைப் பிடித்து இழுத்தார்.

"பதினொண்ணு, பன்னெண்டு..."

எங்கோ ஒருவன் விசிலடித்தான். இன்னொருவன் "என்னய்யா சொல்றாரு?" என்றான்.

அப்போது பின்னால் நின்றிருந்த புடவை நகர்ந்தது. அக்கா முன்னால் வந்து, ஓரத்தில் அறிவிப்பாளருக்கென்று வைத்திருந்த மைக்கைக் கையில் எடுத்தாள்.

"எண்றாரு!" என்றாள். "என்ன எண்றாருன்னு பாக்குறீங்களா? இந்தத் தொகுதியில இருக்குற குறையை எண்றாரு! ஒண்ணு, வடக்குத் தெருக் குழாய்ல வர்ற சாக்கடை! ரெண்டு, சாஞ்சு நிக்கிற மின்கம்பம், அது எந்தப் புள்ள தலையில விழலாம்னு காத்திருக்கு! மூணு, ஆஸ்பத்திரியில ஒரு கட்டில்ல ரெண்டு பேரு! நாலு, பிணவறையில கதவு இல்ல, நாய் போகுது!"

கூட்டம் ஒரு கணம் நின்றது. அப்புறம் வெடித்தது. அப்படி ஒரு சத்தத்தைத் தொண்டை எந்தத் தியேட்டரிலும் கேட்டதில்லை. வேனின் தகரம் அதிர்ந்தது. ஹீரோவுக்குக் கைதட்டல் ஒன்றுதான் புரியும் மொழி. அது புரிந்ததும் எழுந்து நின்று இன்னும் வேகமாக எண்ணினார். அவள் குறை சொல்லச் சொல்ல அவர் எண் சொன்னார். கொஞ்ச நேரத்தில் கூட்டமே கூடச் சேர்ந்து எண்ண ஆரம்பித்தது. "முப்பத்தி நாலு!" என்று மைதானம் கத்தியது. குறைகளை யாரும் கேட்கவில்லை. அவள் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். எண் வரும் இடத்துக்காக மட்டும் எல்லோரும் காத்திருந்தார்கள். நூறு வந்தது. அதற்கு மேல் ஹீரோவுக்குத் தெரியாது. ஒரு நொடி விழித்துவிட்டு மறுபடியும் "ஒண்ணு" என்றார். மைதானம் பைத்தியம் பிடித்துக் குதித்தது.

தொண்டை கையைக் கட்டியபடியே உட்கார்ந்திருந்தான்.

கூட்டம் முடிந்து வேன் கதவு திறந்தபோது அவன் அடி வாங்கத் தயாராக இருந்தான். மேனேஜர் பாய்ந்து அவனைக் கட்டிக்கொண்டார். சென்ட் நாற்றம் மூக்கில் ஏறியது.

"ராஜா! ஒத்தை ஆளா யோசிச்சியா, இல்ல புருஷன் பொண்டாட்டி சேந்து யோசிச்சீங்களா? டிவி பூரா இதுதான்! 'குறைகளை எண்ணும் தலைவர்'னு போடுறான்!"

"நான் உங்களைக் கவுக்கத்தான் தொறந்து விட்டேன்" என்றான் தொண்டை.

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "இந்த நக்கல்தான்யா உங்கிட்ட பிடிச்சது! ஆனா ஒண்ணு. அந்தக் குரல் மட்டும் சகிக்கல. ஜலதோஷம்னு சொல்லிச் சமாளிச்சாச்சு. நாளையிலேர்ந்து நீங்க எண்ணிடுங்க."

மறுநாள் காலையில் சமையலறையில் அவள் தண்ணீரில் உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். பேசிப் பேசிக் குரல் கட்டிப்போயிருந்தது. அவன் நடந்ததைச் சொன்னான். மாப்பிள்ளை, மகளிரணி, அடையாள அட்டை, ஆடிக்கொண்டே போய்விடும் என்றது, எல்லாம்.

அவள் கொப்பளித்ததைத் துப்பினாள். "தெரியும்" என்றாள்.

"தெரியுமா? எப்படி?"

"அவங்க நாற்காலிக்குப் பின்னாலதானே நின்னேன். எனக்குக் காது இல்லையா? நான் நிக்கிறேன்னு தெரிஞ்சேதான் பேசுனாங்க. மேஜை இருக்கு, பூந்தொட்டி இருக்கு, நான் இருக்கேன். பூந்தொட்டிக்குப் பயந்து யாராவது மெதுவா பேசுவாங்களா?"

"கேட்டுட்டுமா மைக்கைப் பிடிச்சே? நான் எல்லாத்தையும் உதறிட்டு உக்காந்திருக்கேன், நீ அவனைத் தூக்கி நிறுத்துற! மானங்கெட்ட பொழப்பு!"

"கத்தாதீங்க. உங்க தொண்டை அவங்களுக்கு வேணும்" என்றாள். பிறகு அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். "அந்தக் கூட்டத்துல இருந்த ஒவ்வொருத்தரையும் வீடு வீடா போய்க் கூப்பிட்டது நான். அசிங்கம் அவனுக்கு மட்டும் இல்ல, எனக்கும்தான். அதுவும் இல்லாம மைக் கைக்குக் கிடைச்சுது. அத்தனை வருஷம் மனு குடுத்தேன், ஒரு நாய் படிக்கல. அவன் ஒண்ணுன்னு சொன்னதும் எல்லாரும் காதைத் தொறந்தாங்க. சொல்லிடலாம்னு தோணுச்சு. சொல்லிட்டேன்."

"யாரும் கேக்கல. எண்ணிக்கிட்டிருந்தாங்க."

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் சத்தம் கேட்டது. வடக்குத் தெருவில் பள்ளம் தோண்டும் இயந்திரம் வந்திருப்பதாக ஓடி வந்து சொன்னார்கள். இருவரும் போனார்கள். ஹீரோ கழுத்தில் துண்டு, கையில் புது மண்வெட்டி. முகப்பவுடர் கலையாமல் ஒரு பிடி மண்ணைத் தூக்கிப் போட்டார். கேமராக்கள் பளிச்சிட்டன. இயந்திரம் குழாயடிக்கு முன்னால் ஆள் உயரத்துக்குப் பள்ளம் பறித்து, பழைய குழாயை இரண்டாக வெட்டிவிட்டு நின்றது. ஹீரோ காரில் ஏறினார். கேமராக்கள் போயின. இயந்திரமும் போய்விட்டது. பள்ளம் இருந்தது. அதுவரை நாற்றமடித்துக்கொண்டாவது வந்த தண்ணீர் இப்போது வரவில்லை. வெட்டுப்பட்ட குழாயில் இருந்து கறுப்பாக ஏதோ சொட்டி, பள்ளத்தின் அடியில் ஈ மொய்த்தது. பெண்கள் காலிக் குடங்களோடு அக்காவைச் சுற்றி நின்றார்கள்.

அவள் மேனேஜருக்குப் போன் போட்டாள். பேசிவிட்டு வைத்தாள்.

"என்னவாம்?" என்றான்.

"மிச்சக் கூட்டமெல்லாம் நல்லா நடந்தா, புதுக் குழாய் போட்டு மூடிடுவாராம். குவாரிக்காரரோட ஜல்லிதான், ஒரு லோடு பெரிசில்லையாம்." போனை இடுப்பில் செருகினாள். "நீங்க எண்ணணுமாம்."

"அவனுங்க மூடுவானுங்கன்னு நம்புறியா?"

"நம்பல. ஆனா நீங்க எண்ணலைன்னா மூட மாட்டாங்கன்னு மட்டும் நிச்சயமாத் தெரியும்."

காலிக் குடங்கள் அவனைப் பார்த்தன. குடத்துக்குக் கண் இல்லை என்று எவன் சொன்னான்.

அன்று சாயங்காலம் வேறு ஒரு மைதானம். தொண்டை வேனில் ஏறினான். ஹீரோவின் கட்டையின் மேல் புது டேப், இந்த முறை இரண்டு சுற்று. திரையில் பார்த்தான். ஹீரோவுக்குப் பின்னால் அவன் மனைவி நிற்கும் இடத்தில் ஒரு சினிமா நடிகை நின்றுகொண்டிருந்தாள். ஹீரோவோடு இரண்டு படம் ஜோடி போட்டவள். கையில் ஒரு தாள். குறைகளை இனி அவள் படிப்பாளாம். அக்காவின் முகம் கேமராவுக்கு எடுக்கவில்லை என்று குவாரிக்காரர் சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளைக்கு நடிகையின் பக்கத்தில் நாற்காலி. கூட்டம் முன்பு வந்ததைவிட மூன்று மடங்கு. கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்து விரலை மடக்கி எண்ணச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் ஒருவர்.

வேன் கதவு திறந்தது. அவள் ஏறி வந்து, கேபிள் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். கழுத்தில் ஒரு அடையாள அட்டை தொங்கியது. மகளிரணி என்று போட்டிருந்தது. படம் அதேதான், ஸ்டுடியோவில் சிரிக்காமல் எடுத்தது. போஸ்டருக்கு எடுத்த முகத்தைப் பெருவிரல் அளவுக்குச் சுருக்கியிருந்தார்கள்.

"அதைக் கழட்டு" என்றான்.

"உள்ள விடமாட்டேன்னாங்க, இது இருந்தாத்தான்" என்றாள்.

திரையில் ஹீரோ கையை உயர்த்தினார். உதடு அசையத் தயாரானது. நடிகை தாளைப் பிரித்தாள். தொண்டையின் வாய்க்குள் எச்சில் திரண்டு நின்றது. அவன் டேப்பைப் பார்த்தான். அவள் அவன் பார்ப்பதைப் பார்த்தாள்.

"பள்ளம் இன்னும் அப்படியேதான் இருக்கு" என்றாள். "எண்ணுங்க."

அவன் மைக்கை இழுத்து வைத்துக்கொண்டான். பாறையும் கசியும் என்று எழுதுவார்களே, அந்தக் குரலில் "ஒண்ணு" என்றான்.

வெளியே மைதானம் இடிந்து விழுந்த மாதிரி சத்தம் கேட்டது. நடிகை வடக்குத் தெருவைத் தெற்குத் தெரு என்று படித்தாள். அதற்கும் கைதட்டினார்கள். தொண்டை துப்ப இடம் தேடினான். வேனுக்குள் திரையும் ஒயரும் பெட்டியும் அவளும்தான் இருந்தார்கள். அவன் அதை விழுங்கிக்கொண்டு, "ரெண்டு" என்றான்.